விளக்கு எதைப் பிடித்துத் தொங்குகிறது? ரெவிட்டில் சீலிங் லைட், சுவிட்ச், சாக்கெட் வைப்பது பற்றி

கேட்டவரின் நிலைமை இது. எலக்ட்ரிக்கல் டிசைனில் அனுபவம் உண்டு, ஆட்டோகேடில் பல வருடம் வரைந்தவர், கட்டடத்தை முப்பரிமாண மாடலாக உருவாக்கும் மென்பொருளான ரெவிட்டுக்குப் புதியவர். ஆர்க்கிடெக்ட் தந்த மாடலைத் தன் ஃபைலில் லிங்க் செய்து (வெளியிலிருந்து இணைத்து) அதன்மேல் விளக்குகளை வைக்கப் பார்க்கிறார். டவுன்லைட்டை எடுத்தால் கர்சர் தடைக்குறியாகவே நிற்கிறது. பேனல் லைட் உட்காருகிறது, ஆனால் செக்‌ஷன் வெட்டிப் பார்த்தால் தரையில் மல்லாந்து கிடக்கிறது. வேறு சில விளக்குகள் ஃப்ளோர் பிளானில் வைத்த மறுநொடியே காணாமல் போகின்றன. சுவிட்ச், சாக்கெட்டை எப்படி வைப்பது, ஆர்க்கிடெக்ட் நாளை சீலிங்கை மாற்றினால் என்ன ஆகும் என்றும் கேட்டிருக்கிறார்.

முதல் இரண்டு தொல்லைக்கும், சீலிங் மாறினால் வரப்போகும் தொல்லைக்கும் வேர் ஒன்றுதான். ஆட்டோகேடில் விளக்கு என்பது ஒரு ப்ளாக். ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி எங்கே வேண்டுமானாலும் குத்தலாம். ரெவிட்டில் அது பெரும்பாலும் எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்கும். எதைப் பிடிக்கும் என்பது அந்த ஃபேமிலியை, அதாவது விளக்கின் மாதிரி ஃபைலை, உருவாக்கியவர் எந்த டெம்ப்ளேட்டில் தொடங்கினார் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் ஒரு விளக்கை இறக்கியதும் வாட்ஸ், லூமன், வடிவம் எல்லாவற்றுக்கும் முன்னால் நான் பார்ப்பது அதன் ஹோஸ்ட், அதாவது அது பிடித்துக்கொள்ளும் பொருள், என்ன என்பதைத்தான். ஃபேமிலி எடிட்டரில் திறந்து, எதையும் செலக்ட் செய்யாமல் ப்ராப்பர்ட்டீஸ் பலகையைப் பாருங்கள். ஹோஸ்ட் என்ற வரியில் சீலிங், வால், ஃபேஸ் என்று ஏதாவது இருக்கும், அல்லது எதுவும் இருக்காது.

சீலிங் ஹோஸ்ட் உள்ள விளக்கு உங்கள் ஃபைலுக்குள்ளேயே இருக்கும் சீலிங்கில் மட்டும்தான் உட்காரும். லிங்க்கில் இருக்கும் சீலிங் கண்ணுக்குத் தெரிந்தாலும் அதைச் சீலிங் என்று ஏற்றுக்கொள்ளாது. உங்கள் டவுன்லைட்டின் தடைக்குறிக்கு இதுதான் காரணமாக இருக்கும். ஆர்க்கிடெக்ட் தன் ஃபைலிலேயே விளக்கு வைக்கும்போது அதே ஃபேமிலி அழகாக வேலை செய்யும், சீலிங்கில் துளையும் தானே வெட்டிக்கொள்ளும். அதனால்தான் இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் எல்லாமே சுலபமாக நடக்கிற மாதிரி தெரிகிறது. அவற்றில் பலவும் ஒரே ஃபைலுக்குள் வேலை செய்து காட்டுபவை.

ஃபேஸ் ஹோஸ்ட் உள்ளது எந்தப் பரப்பிலும் ஒட்டும். சீலிங்கின் அடிப்பரப்பு, ஸ்லாபின் அடிப்பரப்பு, சுவர், பீமின் பக்கவாட்டு, எல்லாமே அதற்குச் சம்மதம், லிங்க்கில் இருந்தாலும் சரி. தனி ஃபைலில் வேலை செய்யும் எலக்ட்ரிக்கல் ஆட்களுக்கு இதுதான் சோறுபோடும் வகை. ஒரு குறை உண்டு, லிங்க்கில் இருக்கும் சீலிங்கை இது வெட்டாது. ரிசெஸ்டு லைட், அதாவது பதிக்கும் விளக்கு, சீலிங்குக்குள் புதைந்து நிற்கும், துளை மட்டும் இருக்காது. ட்ராயிங்குக்கு அது பொருட்டில்லை. ரெண்டர் செய்யும் ஆள்தான் முணுமுணுப்பார்.

ஹோஸ்ட்டே இல்லாத வகை லெவலை, அதாவது அந்தத் தளத்தின் மட்டத்தை, பிடித்துக்கொண்டு, ‘எலிவேஷன் ஃப்ரம் லெவல்’ என்ற எண்ணில் எவ்வளவு கொடுக்கிறோமோ அந்த உயரத்தில் மிதக்கும். சீலிங் ஏறினாலும் இறங்கினாலும் இது அசையாது. சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். ஃபால்ஸ் சீலிங்கே இல்லாத கிடங்கு, பார்க்கிங் போன்ற இடங்களில் எனக்கு இதுதான் பிடிக்கும். வாரத்துக்கு ஒருமுறை மாடல் மாற்றும் ஆர்க்கிடெக்ட்டோடு வேலை செய்யும்போதும் இதன் அருமை தெரியும்.

இனி உங்கள் பேனல் லைட். அது ஃபேஸ் வகை. வைக்கப்போகும்போது ரிப்பனில் மூன்று பொத்தான்கள் வரும்: செங்குத்துப் பரப்பில் வை, பரப்பில் வை, வொர்க் பிளேனில் வை. ரெவிட் தானாகத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பது முதலாவதை, அதாவது சுவரை. சீலிங்மேல் கர்சரைக் கொண்டுபோனால் தடைக்குறி காட்டும். அதில் வெறுத்துப்போய் மூன்றாவதை அழுத்தியிருப்பீர்கள். வொர்க் பிளேன் என்பது பொருட்களை வைப்பதற்கான கற்பனைப் பரப்பு. அந்த நேரத்தில் அது அந்தத் தளத்தின் லெவல், அதாவது தரை. விளக்கு தரையைப் பிடித்துக்கொண்டு, தரைக்கு எதிர்ப்புறமாக, வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டது. சீலிங்கைக் காட்டும் ரிஃப்ளெக்டெட் சீலிங் பிளானைத் திறந்து, நடுவில் இருக்கும் ‘பரப்பில் வை’ பொத்தானை அழுத்தி, லிங்க் சீலிங்கின்மேல் கர்சரை நகர்த்துங்கள். சீலிங்கின் விளிம்பு மின்னும். க்ளிக் செய்தால் வேலை முடிந்தது.

முடிந்தது என்றேன், ஆனால் முதல் விளக்கை வைத்ததும் ஒரு செக்‌ஷன் வெட்டிப் பார்க்காமல் மேலே போகாதீர்கள். ஒருமுறை ஒரு தளம் முழுக்க விளக்கு வைத்து முடித்த பிறகுதான் கவனித்தேன், அத்தனையும் சீலிங்குக்கு மேலே ஸ்லாபின் அடியில் ஒட்டியிருந்தன. யாரோ அந்த வியூவில் சீலிங் கேட்டகரியை அணைத்து வைத்திருந்தார்கள். கர்சருக்குக் கிடைத்த பரப்பு ஸ்லாப்தான், அதில் போய் ஒட்டிக்கொண்டது. பிளானில் பார்த்தால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. அரைநாள் வேலை போயிற்று.

அடுத்தது மறைந்துபோகும் விளக்குகள். இதற்கு வியூ ரேஞ்சை, அதாவது ஒரு பிளான் எந்த உயரத்திலிருந்து எதுவரை காட்டும் என்பதை, புரிந்துகொள்ள வேண்டும். ஃப்ளோர் பிளான் என்பது தரையிலிருந்து சுமார் 1200 மில்லிமீட்டர் உயரத்தில் கட்டடத்தைக் குறுக்கே அறுத்து, அங்கிருந்து கீழே பார்ப்பது. 2700 மில்லிமீட்டரில் தொங்கும் விளக்கு அறுத்த இடத்துக்கு மேலே போய்விடுகிறது, தெரியாது. வைத்த பொருள் இந்த வியூவில் தெரியாது என்று ரெவிட் ஒரு மஞ்சள் எச்சரிக்கையும் காட்டியிருக்கும். அதைப் படிக்காமல் மூடிவிட்டுத் திரும்பத் திரும்ப வைத்தால் ஒரே இடத்தில் நாலைந்து விளக்கு ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும், ஸ்கெட்யூலில், அதாவது பொருள் பட்டியலில், எண்ணிக்கை எகிறும்.

ரிஃப்ளெக்டெட் சீலிங் பிளான் இதற்கு நேர்மாறு. அறுத்த இடத்திலிருந்து மேலே பார்க்கிறது, ஆனால் தரையில் கண்ணாடி விரித்து அதில் சீலிங்கின் பிம்பத்தைப் பார்ப்பதுபோல. அதனால்தான் இடது வலது மாறாமல் ஃப்ளோர் பிளானோடு அப்படியே பொருந்துகிறது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. வழக்கமான மெட்ரிக் டெம்ப்ளேட்டில் இதன் கட் பிளேன், அதாவது அறுக்கும் மட்டம், 2300 மில்லிமீட்டரில் இருக்கும். கழிவறை, லிஃப்ட் லாபி போன்ற இடங்களில் குழாய்களை மறைக்கச் சீலிங்கை 2250-க்கு இறக்கியிருந்தால், அந்த அறையில் மட்டும் சீலிங்கும் தெரியாது, விளக்கும் தெரியாது. லிங்க் கெட்டுப்போய்விட்டது என்று ஆர்க்கிடெக்ட்டுக்கு மெயில் அனுப்புவதற்கு முன் கட் பிளேனை 2000-க்கு இறக்கிப் பாருங்கள். முழு வியூவையும் மாற்ற மனமில்லை என்றால், அந்த அறையைச் சுற்றி மட்டும் ஒரு பிளான் ரீஜன் வரைந்து அதற்குத் தனி ரேஞ்ச் கொடுக்கலாம்.

பவர் லேஅவுட்டில், அதாவது ஃப்ளோர் பிளானிலேயே விளக்கும் தெரிய வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். அதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. விளக்கின் ஃபேமிலிக்குள், மேலிருந்து கட் பிளேனுக்குக் கீழே வரை இறங்குகிற மாதிரி, கண்ணுக்குத் தெரியாத கோட்டு வகையில் ஒரு மாடல் லைன் போட்டுவிடுவது. ஃப்ளோர் பிளானின் பார்வைக்குள் அந்தக் கோடு வந்துவிடுவதால் விளக்கு முழுவதும் தெரியும். கேட்க அசிங்கமாக இருக்கும், வேலை செய்யும்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. மாடலில் விளக்கு உட்கார்ந்துவிட்டால் போதாது, சீலிங் கட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும். தலைவலி ஆரம்பிக்கும் இடம் அதுதான்.

9 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலத்தில் ஓர் அலுவலக அறை என்று வைத்துக்கொள்வோம். எழுதும், படிக்கும் வேலைக்கு ஐரோப்பியத் தரமான ஈஎன் 12464-1 சொல்வது 500 லக்ஸ், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 500 லூமன் வெளிச்சம். பரப்பு 54 சதுர மீட்டர், ஆக மேஜை மட்டத்தில் வேண்டியது 27,000 லூமன். கையில் இருப்பது 4000 லூமன் பேனல். அறையின் அளவு, சுவர் நிறம் இவற்றைப் பொறுத்த பயன்பாட்டுக் காரணி 0.6, தூசியும் வயதும் தின்பதற்கான பராமரிப்புக் காரணி 0.8 என்று கொண்டால் ஒரு பேனலிலிருந்து உண்மையில் கிடைப்பது 1920 லூமன். வகுத்தால் 14.06 வருகிறது. 14 போட்டால் 2 × 7 என்று அசிங்கமாக நிற்கும், 15 போட்டால் 3 × 5 என்று அமையும். 15 என்றே வைப்போம், சுமார் 533 லக்ஸ் வரும்.

சீலிங் 600 × 600 மில்லிமீட்டர் கட்டம். நீளவாக்கில் 15 டைல். ஐந்து விளக்கை 2, 5, 8, 11, 14-ஆம் டைல்களில் போட்டால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் 1.8 மீட்டர், இரண்டு சுவரிலிருந்தும் முதல் விளக்கின் மையம் 0.9 மீட்டர். இடைவெளியில் சரிபாதி சுவரோரம், புத்தகத்தில் சொன்னபடி. அகலவாக்கில்தான் சிக்கல். 10 டைல், மூன்று விளக்கு. 2, 5, 8 என்று போட்டால் ஒரு சுவரோரம் ஒரு டைல் மிச்சம், மறுசுவரோரம் இரண்டு. அறைக்குள் நுழைகிறவர் கண்ணுக்கு உடனே உறுத்தும். விளக்குகளை எப்படி மாற்றினாலும் இது சரிவராது, ஏனென்றால் மூன்று விளக்குக்கு நடுவில் ஒரு டைல் வேண்டும், இரட்டைப்படையில் இருக்கும் 10 டைலுக்கு நடு டைல் என்று ஒன்று கிடையாது.

வழி, கட்டத்தையே அரை டைல், அதாவது 300 மில்லிமீட்டர் நகர்த்துவது. அப்போது நடுவில் 9 முழு டைல், இருபுறமும் அரை டைல். 2, 5, 8-இல் விளக்கு வைத்தால் இடைவெளி இங்கேயும் 1.8 மீட்டர், இருபுறச் சுவரும் 1.2 மீட்டர். 1.2 கொஞ்சம் அதிகம்தான், சுவரை ஒட்டிய மேஜைகளில் வெளிச்சம் சற்றுக் குறையும். ஒழுங்குக்காக நான் அதைப் பொறுத்துக்கொள்வேன். சுவரோரமாகவே ஆட்கள் உட்காரும் அறை என்றால் பொறுத்துக்கொள்ள மாட்டேன், கட்டத்தை நகர்த்தாமல் நாலு வரிசையாக்கி, வரிசைக்கு ஐந்து என்றே வைத்து, லூமன் குறைந்த பேனலுக்கு மாறுவேன்.

கவனியுங்கள், கட்டத்தை நகர்த்துவது உங்கள் கையில் இல்லை. அது லிங்க்கில் இருக்கிறது, ஆர்க்கிடெக்ட்தான் செய்ய வேண்டும். ஆகவே விளக்கு வைக்கத் தொடங்கும் முன், எந்தெந்த அறையில் கட்டத்தின் தொடக்கம் எங்கே வேண்டும் என்று ஒரு ஸ்கெட்ச் அனுப்பிவிடுங்கள். சீலிங்கை அப்படியே வைத்துக்கொண்டு கோடுகளை மட்டும் நகர்த்தினால் விளக்குகள் கூடவே வராது. விளக்கு பிடித்திருப்பது பரப்பை. கட்டக் கோடுகள் அந்தப் பரப்பின்மேல் இருக்கும் வெறும் கோலம். கோலம் நகர்ந்தால் விளக்குகள் டைல் நடுவே குறுக்காக நிற்கும், நீங்கள் மறுபடி நகர்த்த வேண்டும்.

டைலுக்குள் சரியாக உட்கார வைக்க அலைன் கட்டளைதான் நம்பகமானது. முதலில் கட்டக் கோடு, பிறகு விளக்கின் விளிம்பு. கோடு மாட்டவில்லை என்றால் டேப் விசையைத் தட்டித் தட்டிப் பாருங்கள். பேனலின் உண்மை அளவு பெரும்பாலும் 595 மில்லிமீட்டர், கட்டமோ 600. விளிம்போடு விளிம்பை ஒட்டினால் ஒவ்வொரு விளக்கும் 2.5 மில்லிமீட்டர் ஒருபக்கம் தள்ளி நிற்கும். ஃபேமிலியில் 600-இல் ஒரு ரெஃபரன்ஸ் பிளேன் (அச்சில் வராத துணைத் தளம்) வைத்திருந்தால் அதோடு ஒட்டலாம். முதல் விளக்கை மட்டும் இப்படி வைத்துவிட்டு, மற்றதை 1800, 1800 என்று காப்பி செய்துகொண்டே போவது வேகம். அர்ரே (சம இடைவெளியில் பல நகல் எடுக்கும் கட்டளை) போடுகிறீர்கள் என்றால் குரூப் ஆக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். குரூப்புக்குள் இருக்கும் விளக்கை டேக் செய்து, சர்க்யூட் போட்டு, பிறகு ஒன்றை மட்டும் நகர்த்தப் பார்த்தால் தெரியும் அந்த அவஸ்தை.

சுவிட்சும் சாக்கெட்டும் இதே கதைதான். சுவரை ஹோஸ்ட்டாகக் கொண்ட ஃபேமிலி லிங்க் சுவரில் ஒட்டாது, ஃபேஸ் வகை ஒட்டும், முதல் பொத்தானே போதும். உயரத்தை வைக்கும்போதே ப்ராப்பர்ட்டீஸில் கொடுத்துவிடுங்கள். அந்த உயரம் லெவலிலிருந்து எண்ணப்படுகிறது, எனவே லெவல் ஸ்லாபின் மேல்மட்டமா, டைல்ஸ் போட்ட பிறகு வரும் முடிந்த தரையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் பாருங்கள். மாடலில் எந்த எச்சரிக்கையும் வராத, சைட்டில் எல்லோரும் சிரிக்கும் தவறு கதவுக்குப் பின்னால் மாட்டிய சுவிட்ச்தான்.

சுவரில் வைத்த ஃபேஸ் ஃபேமிலியின் குறியீடு பிளானில் தெரியவில்லை என்று அடுத்த கேள்வி வரும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். குறியீட்டைத் தனி அனொட்டேஷன் ஃபேமிலியாக, அதாவது ட்ராயிங் குறி மட்டுமான ஃபேமிலியாக, செய்து உள்ளே ஏற்றி, ‘மெயின்டெய்ன் அனொட்டேஷன் ஓரியன்டேஷன்’ என்ற பெட்டியை டிக் செய்தால்தான் அது பிளானில் படுத்துக் காட்டும். ஒரே இடத்தில் மேலே சுவிட்ச், கீழே சாக்கெட் இருந்தால் பிளானில் இரண்டு குறியும் ஒன்றன்மேல் ஒன்று விழும். குறியை மட்டும் தள்ளிவைக்க ஃபேமிலியில் ஒரு ஆஃப்செட் பாராமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். பொருளையே நகர்த்திவிட்டுக் குறி தெளிவாகிவிட்டது என்று திருப்தி அடையாதீர்கள்.

சாய்ந்த சீலிங்கில் ஃபேஸ் வகை விளக்கு சாய்வோடு சாய்ந்து உட்காரும். பதிக்கும் விளக்குக்கு அதுதான் சரி. தொங்கும் விளக்கு சாய்ந்து தொங்கினால் புவியீர்ப்பை மறந்த மாதிரி இருக்கும். ஹோஸ்ட் இல்லாத ஃபேமிலி ஒன்றை எடுத்து ‘வொர்க் பிளேன் பேஸ்டு’, ‘ஆல்வேஸ் வெர்டிகல்’ இரண்டையும் டிக் செய்தால் அது பரப்பிலும் ஒட்டும், நேராகவும் தொங்கும். சீலிங் ஹோஸ்ட் ஃபேமிலியை இப்படி மாற்ற வழியில்லை. அதன் வடிவத்தை ஹோஸ்ட் இல்லாத ஃபேமிலியாகச் செய்து, ஃபேஸ் டெம்ப்ளேட்டில் திறந்த புது ஃபேமிலிக்குள் ஏற்றிக்கொள்வதுதான் நடைமுறை.

ஆர்க்கிடெக்ட் சீலிங்கை மாற்றினால் என்ன ஆகும்? எப்படி மாற்றினார் என்பதைப் பொறுத்தது. இருக்கும் சீலிங்கின் உயரத்தை 2700-இலிருந்து 2600 ஆக்கினால், லிங்க்கை ரீலோட் செய்ததும் ஃபேஸ் விளக்குகள் கூடவே இறங்கும். அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தால் பார்க்க அதே இடம், அதே உயரம்தான், ஆனால் ரெவிட்டுக்கு அது வேறு பொருள். உங்கள் விளக்குகள் பழைய இடத்திலேயே அநாதையாக மிதக்கும், விழுந்துவிடாது. அதனாலேயே யாரும் கவனிக்கமாட்டார்கள். ‘கொலாபரேட்’ டேபில் ‘ரீகன்சைல் ஹோஸ்டிங்’ என்று ஒரு கருவி இருக்கிறது, அது இந்த அநாதைகளைப் பட்டியல் போடும். அங்கிருந்தே புது ஹோஸ்ட்டைக் காட்டிவிடலாம். ஒவ்வொரு ரீலோடுக்குப் பிறகும் அதை ஒருமுறை திறந்து பார்ப்பது பல் தேய்ப்பதுபோல் பழக்கமாகட்டும்.

மாற்றம் ஓயாத திட்டம் என்றால் சீலிங்கைப் பிடிக்கவே பிடிக்காதீர்கள். ஒரு செக்‌ஷனில் சீலிங் உயரத்தில் ரெஃபரன்ஸ் பிளேன் வரைந்து, ‘சீலிங் 2700’ என்று பெயர் வைத்து, அதையே வொர்க் பிளேனாக்கி விளக்குகளை வையுங்கள். உயரம் மாறினால் அந்த ஒரு கோட்டை நகர்த்தினால் போதும். கோட்டை எந்தத் திசையில் வரைந்தீர்கள் என்பதைப் பொறுத்து விளக்கு கீழே பார்க்கும் அல்லது மேலே பார்க்கும். முதல் விளக்கு தலைகீழாக வந்தால் கோட்டை அழித்து எதிர்த்திசையில் வரையுங்கள்.

சர்க்யூட் பற்றி இரண்டு வார்த்தை. விளக்கின் உள்ளே எலக்ட்ரிக்கல் கனெக்டர் இருந்தால்தான் சர்க்யூட்டில் சேரும். பார்க்க அழகாக இருக்கும் பல ஃபேமிலிகளில் அது இருக்காது. பேனல் பட்டியலில் (இங்கே பேனல் என்றால் மின்பலகை, விளக்கு அல்ல) உங்கள் டிஸ்ட்ரிபியூஷன் போர்டு வரவில்லை என்றால் அதற்கு டிஸ்ட்ரிபியூஷன் சிஸ்டம் (எந்த வோல்டேஜ் முறை என்ற அமைப்பு) கொடுக்க மறந்திருப்பீர்கள், அல்லது விளக்கின் வோல்டேஜ் அதோடு பொருந்தவில்லை. ஸ்பேஸ் (உங்கள் மாடலில் ஓர் அறையைக் குறிக்கும் பொருள்) வாரியாக விளக்குகளை எண்ணும்போது சில விடுபட்டால், லிங்க்கின் டைப் ப்ராப்பர்ட்டீஸில் ‘ரூம் பவுண்டிங்’ டிக் இருக்கிறதா, ஸ்பேஸின் மேல் எல்லை சீலிங்குக்கு மேலே எட்டுகிறதா என்று பாருங்கள். எல்லை 2500-இல் முடிந்து விளக்கு 2700-இல் இருந்தால், அது எந்த அறைக்கும் சொந்தமில்லாத விளக்கு.

ஏற்கனவே தரையில் படுத்திருக்கும் பேனல்களை நிமிர்த்த வேண்டும் அல்லவா. ஒன்றைத் தேர்ந்து, ரிப்பனில் ‘பிக் நியூ’ அழுத்தி, ‘ஃபேஸ்’ என்று மாற்றி, சீலிங் பிளானில் சீலிங்கைக் காட்டினால் மேலே போய் ஒட்டிக்கொள்ளும். பத்துப் பதினைந்துக்கு மேல் இருந்தால் அந்தப் பாடு வேண்டாம். அந்த ஒன்றைக் கட்டத்தில் அலைன் செய்து, அதிலிருந்து காப்பி எடுத்துக்கொண்டு, தரையில் கிடப்பவற்றை அழித்துவிடுங்கள். அழிக்கும் முன் எதையாவது சர்க்யூட்டில் சேர்த்திருந்தீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.